மருந்துக்கு அடங்காத மனப்பதற்றம்

அச்சம் மனிதனுக்குப் பகையன்று, காவலன். புதருக்குள் சரசரப்புக் கேட்டதும் எடுத்த காலைப் பின்னுக்கு இழுக்கச் செய்வது அச்சம். விரைந்து வரும் பேருந்தைக் கண்டு வீதியோரத்தில் நம்மை நிறுத்தி வைப்பதும் அச்சமே. அஃது இல்லையாயின் மனித குலம் இத்தனை காலம் நிலைத்திருத்தல் அரிது. ஆயினும், வீட்டைக் காக்க வைத்த காவலன் திருடன் வராத வேளையிலும் இரவு பகலாகக் கூக்குரலிட்டுக்கொண்டிருந்தால், வீட்டிலுள்ளோர் கண்ணுறங்குவது எங்ஙனம்? அத்தகைய ஓயாத கூக்குரலையே மனப்பதற்றம் என்கிறோம். நமது நாட்டு உளமருத்துவர்கள் இதற்குப் பதகளிப்பு நோய் என்றும் பெயர் வழங்குவர்.

இந்நோயுடையார் ஒருவரை நம்மில் ஒவ்வொருவரும் அறிவோம். பாடசாலை சென்ற பிள்ளை பத்து நிமிடம் பிந்தினால் விபத்து நேர்ந்துவிட்டதென்று அவர் மனம் முடிவு கட்டிவிடும். தொலைபேசி மணி ஒலித்தால் துக்கச் செய்தி என்றே நெஞ்சு துணுக்குறும். கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும், மார்பு படபடக்கும், வயிறு கலங்கும், படுத்தால் உறக்கம் வாராது. ஊரார் இதனை 'யோசனை' என்பர். சிலர் 'நரம்புத் தளர்ச்சி' என்பர். வேறு சிலர் 'எல்லாம் மனப்பிரமை' என்று கூறிக் கடந்து செல்வர். இத்தகைய கவலை ஆறு மாதங்களோ அதற்கு மேலோ பெரும்பாலான நாட்களிலும் நீடித்து, அடக்கவும் இயலாமல், அன்றாடக் கருமங்களைக் கெடுக்குமாயின், அது வெறுங் கவலையன்று, சிகிச்சைக்குரிய நோய் என்பது மருத்துவ நூலார் முடிபு.

இந்நோயின் இலக்கணத்தை விரித்துரைப்பது இன்றைய பேச்சின் முதல் நோக்கமன்று. சிகிச்சை பெற்றும் குணமடையாதவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். "பெரிய வைத்தியரிடங் காட்டினோம், குளிசைகள் விழுங்கினோம், நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. இனி எங்கே போவது?" என்று கேட்பவர்கள் பலர். நோயைக் காட்டிலும் இக்கேள்வியினுள் மறைந்து கிடக்கும் நம்பிக்கையிழப்பே அவர்களை மிகுதியாக வருத்துகிறது. அவர்களுக்கு விடை உண்டா என்று ஆராய்வோம்.

முதலில் உடலினுள் நிகழ்வதனைச் சற்றே அறிந்துகொள்ளல் வேண்டும். ஹாவாட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் அறிஞர் வால்ட்டர் கனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே, ஆபத்தைக் கண்ட உயிரின் உடல் போரிடுவதற்கோ ஓடுவதற்கோ தன்னை ஆயத்தஞ் செய்வதனை விளக்கினார். சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகளிலிருந்து அதிரீனலின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலக்கிறது. இருதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, சமிபாடு தடைப்படுகிறது. நோயாளி 'என் இருதயம் பழுதாகிவிட்டது' என்று அஞ்சுகின்ற அடையாளங்கள் பலவும், உடல் தன் காவற் கடமையைச் செவ்வனே செய்வதன் அடையாளங்களே. பிழை யாதெனில், கடமைக்கு வேளை தவறிவிட்டது, அவ்வளவே.

இனிச் சிகிச்சை ஏன் பலிக்கவில்லை என்னும் வினாவுக்கு வருவோம். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவிலே, மருத்துவம் என்பது நான்கு கூறுகளையுடையது என்று வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அந்நான்கு. சிகிச்சை தோற்றவிடத்து, 'என் தலைவிதி' என்று சோர்ந்துவிடாமல், இந்நான்கு கால்களுள் எந்தக் கால் தளர்ந்தது என்று பார்த்தலே அறிவுடைமை. கட்டிலின் ஒரு கால் ஆடினால் கட்டிலை எரித்துவிடுகிறோமா? ஆடுங் காலைக் கண்டுபிடித்துச் செப்பஞ் செய்கிறோம்.

முதலாவதாக, தீர்ப்பவனாகிய வைத்தியனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய முதற் கடமை நோய் இன்னதென்று துணிதல். துணிவு தவறினால் மருந்தும் தவறும். மனப்பதற்றத்தின் வேடம் பூண்டு வரும் உடல் நோய்கள் பல. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும், மனம் அமைதியிழக்கும். இரத்தச் சோகையும், இருதயத் துடிப்பின் ஒழுங்கீனமும், இரத்தத்திற் சீனி திடீரெனக் குறைதலும் இவ்வாறே தோன்றும். தொய்வு நோய்க்கு உள்ளிழுக்கும் சில மருந்துகள் படபடப்பை உண்டாக்கும். நாள் முழுவதும் கடுஞ்சாயத் தேநீரும் கோப்பியும் அருந்துவோர்க்கு அவற்றிலுள்ள கபீன் என்னும் பொருளே உறக்கத்தைக் கெடுத்து நடுக்கத்தைத் தரும். மதுவோ மாலையில் அமைதி தருவது போலத் தோன்றி, விடியலிற் பதற்றத்தை இருமடங்காக்கித் திருப்பித் தரும். ஆகவே, நெடுநாட் பதற்றம் தீராதவர்கள் இரத்தப் பரிசோதனை உட்பட உடற் பரிசோதனைகள் முறையாகச் செய்யப்பட்டனவா என்று கேட்டறிதல் நன்று. அதே வேளையில், ஒரு முறை ஒழுங்காகச் செய்து குறையில்லையென்று கண்டபின்னர், ஆறுதலுக்காக மாதந்தோறும் இருதயப் படம் எடுப்பித்தல் நோயை வளர்க்குமேயன்றிக் குறைக்காது.

உடல் நோய் இல்லையாயினும், உள்ளத்து நோயின் வகை வேறாயிருத்தல் கூடும். திரும்பத் திரும்பக் கை கழுவுதலும், பூட்டிய கதவைப் பன்முறை சோதித்தலும் வேறொரு நோயின் குறிகள். அதற்குச் சிகிச்சையும் வேறு. மனச்சோர்வு நோய் பதற்றத்தைப் போர்வையாகப் போர்த்தி வருவதுமுண்டு. போரும் ஆழிப்பேரலையும் கண்ட நமது நாட்டிலே, கொடிய அனுபவங்களின் வடு ஆழப் பதிந்து, பல ஆண்டுகளின் பின்னும் திடுக்கிடலாகவும் தீக்கனவாகவும் எழுவதனை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலிலே, போர் தமிழ் மக்கள் உள்ளத்தில் விளைத்த இத்தகைய வடுக்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். அத்தகையோரிடம் 'கவலைப்படாதே' என்பதில் பயனில்லை. அந்த வடுவையே நோக்கிய சிகிச்சை வேண்டும். நோயாளி தன் பழைய அனுபவத்தை வைத்தியரிடங் கூறாது மறைத்திருப்பின், வைத்தியர் அதனை எவ்வாறு அறிவார்?

இரண்டாவது மருந்து. இங்கே வரலாறு ஒரு பாடம் புகட்டுகின்றது. 1960ஆம் ஆண்டில் லிப்ரியம் என்ற மருந்தும், 1963இல் வலியம் என்ற மருந்தும் விற்பனைக்கு வந்தன. உட்கொண்ட சிறிது நேரத்திலேயே பதற்றம் தணிந்தது, உறக்கம் வந்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அவற்றை நாடினர். சில ஆண்டுகளிலேயே மறுபக்கம் தெரியலாயிற்று. நாட்செல்ல நாட்செல்ல அதே அளவு போதாதாயிற்று. நிறுத்தினால் முன்னையிலும் கடிய பதற்றம் மூண்டது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலே பேராசிரியை ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை, இவ்வகை மருந்துகளிலிருந்து மக்களை விடுவிப்பதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தினார். 1988இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழுவினர், இவற்றைக் கடும் பதற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் மாத்திரமே கொடுத்தல் வேண்டும் என்று அறிவுறுத்தினர். நேயர்களே, 'எத்தனை ஆண்டு குளிசை போட்டும் என் பதற்றம் தீரவில்லை' என்று கூறுவோருட் சிலர்க்கு, அந்தக் குளிசையே பதற்றத்துக்கு ஒரு காரணமாயிருத்தல் கூடும். இதைக் கேட்டு எவரும் இன்றிரவே அதனை நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பும் உண்டாகலாம். வைத்தியரின் மேற்பார்வையிலே, வாரங்களாகவும் மாதங்களாகவும் சிறிது சிறிதாகக் குறைத்தலே வழி.

இன்று மனப்பதற்றத்துக்கு முதலில் வழங்கப்படுவன வேறு வகை மருந்துகள். சேர்ட்ரலின், எஸ்சிற்றலோபிராம் முதலியன அவ்வகையைச் சேர்ந்தவை. இவை மூளை நரம்புகளுக்கிடையே சேரட்டோனின் என்னும் பொருளின் செயலை மாற்றுவன. இவை தலைவலிக் குளிசை போல அரைமணியில் வேலை செய்வனவல்ல. பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்களாகும். சிலர்க்கு அதனினும் மேலாகும். அதுமட்டுமன்று, முதலிரு வாரங்களிற் பதற்றம் சற்றே கூடுவதும் உண்டு. இதனை அறியாதவர் பத்தாம் நாளிலே 'இந்த மருந்து எனக்கு ஒத்துவரவில்லை' என்று எறிந்துவிட்டு, மற்றொரு வைத்தியரிடஞ் செல்வர். அவரும் அவ்வகை மருந்தையே தருவார். அதுவும் பத்தாம் நாளில் எறியப்படும். இவ்வாறு ஐந்து வைத்தியரைக் கண்டவர் உண்மையில் ஒரு சிகிச்சையையேனும் முழுமையாகப் பெற்றவரல்லர். நட்ட விதையை மூன்றாம் நாளில் தோண்டிப் பார்த்து, முளைக்கவில்லையென்று வேறு விதை நடுபவனுக்கு விளைச்சல் எங்கே?

தகுந்த அளவிலே, தகுந்த காலம் உட்கொண்டும் பயனில்லையாயின், அப்பொழுதும் வழி அடைபடவில்லை. அதே வகையில் வேறொன்றை மாற்றிப் பார்க்கலாம். வென்லபாக்சின், டுலொக்செற்றின் போன்ற அயல் வகை மருந்துகள் உள. பிறிகபலின் என்னும் மருந்தும் சில நாடுகளில் இந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்டுள்ளது. ஆயின், அதற்கும் அடிமையாகும் அபாயம் உண்டாதலின் உளமருத்துவர் தீர்மானித்தே கொடுத்தல் வேண்டும். ஒருவர்க்கு உதவாத மருந்து மற்றவர்க்கு உதவுகிறது. குணங்கண்ட பின்னரும் ஓராண்டளவேனும் தொடர்ந்து உட்கொள்ளுதல், நோய் மீளாது தடுக்கும்.

மூன்றாவதாக, நோயுற்றவனின் பங்கு. இதுவே மிக நுட்பமானது. இங்கே குளிசையை விடச் சிறந்த மருந்தொன்று பலராலும் உண்ணப்படாமலே கிடக்கின்றது. அதுதான் உளச் சிகிச்சை.

அவுஸ்திரேலியாவிலே கிளேயர் வீக்ஸ் என்றொரு பெண்மணி இருந்தார். பல்லியினங்களை ஆராய்ந்து சிட்னிப் பல்கலைக்கழகத்தில் அறிவியற் கலாநிதிப் பட்டம் பெற்ற அறிஞர் அவர். இளமையில் அவருக்குக் கடும் நெஞ்சுப் படபடப்பு உண்டாயிற்று. வைத்தியர்கள் காசநோயென்று பிழையாக முடிவு செய்து, ஆறு மாதம் காசநோய் விடுதியில் வைத்தனர். ஓய்வு நோயைத் தீர்க்கவில்லை. தனிமையிலிருந்து தன் இருதயத் துடிப்பையே கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு அச்சம் முன்னிலும் பெருகிற்று. பின்னர் முதலாம் உலகப் போரில் போர்க்களங் கண்ட நண்பரொருவர், அகழிகளிலே தமக்கும் அவ்வாறே நெஞ்சு துடித்ததென்றும், அது நோயன்று, அச்சத்தால் விளைந்த நரம்புகளின் வேலையென்றும், அத்துடிப்பைக் கண்டு அஞ்சுவதாலேயே அது நீடிக்கின்றதென்றும் விளக்கினார். இருதயத்தோடு போராடுவதை வீக்ஸ் விட்டார். துடிப்பும் மெல்ல அடங்கிற்று. அவர் பின்னர் மருத்துவங் கற்று 1945இல் வைத்தியரானார். தம் நோயாளரைக் குணப்படுத்திய முறையை 1962இல் நூலாக வெளியிட்டார்; அந்நூல் பல நாடுகளிற் பரவிற்று.

அவர் அச்சத்தை இரண்டாகப் பகுத்தார். தானே எழும் நடுக்கம் முதலச்சம். 'ஐயோ, மறுபடியும் வந்துவிட்டதே! என்ன ஆகப் போகிறதோ!' என்று நாம் அதன்மேற் சேர்ப்பது இரண்டாம் அச்சம். முதலச்சம் நம் வசத்தில் இல்லை. சில நிமிடங்களிலே தானே வடியும் இயல்பினது. இரண்டாம் அச்சமே அதற்கு மேன்மேலும் எண்ணெய் வார்ப்பது. ஆதலின் ஓடாதே, எதிர்நில். எதிர்த்துப் போராடாதே, ஏற்றுக்கொள். நீரோட்டத்தில் மிதப்பவன் போல அதனூடே செல். காலத்துக்கு இடங்கொடு என்பது அவர் போதனையின் சாரம். கரைநோக்கி நேரே நீந்தி இழுவை நீரோடு போராடுபவன் களைத்து மூழ்குகிறான். மிதக்கக் கற்றவன் உயிர் தப்புகிறான் என்பதைக் கடலோர மக்களுக்கு யாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய உளச் சிகிச்சையாளர் இத்துறையை மேலும் வளர்த்துள்ளனர். தென்னாபிரிக்காவைச் சேர்ந்த ஜோசப் வோல்ப் 1958இல் வெளியிட்ட நூலிலே, உடலைத் தளர்த்தி அமைதியாக்கிய நிலையில், அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக அணுகப் பழக்கும் முறையை விளக்கினார். அமெரிக்க உளமருத்துவர் ஏரன் பெக் 1960களில், எண்ணங்களின் பிழையை நோயாளியே ஆராய்ந்து திருத்தும் முறையை வகுத்தார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்ததே எண்ண நடத்தைச் சிகிச்சை. வாரமொரு முறையாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து அமர்வுகள் அதற்கு வேண்டப்படும். அதன் உட்பொருள் எளிது. பேருந்தில் ஏற அஞ்சுபவர் ஏறாதிருந்தால் அன்றைக்கு ஆறுதல். ஆனால் மறுநாள் அச்சம் ஒரு முழம் வளரும். ஆகவே முதல் நாள் தரிப்பிடத்தில் நின்று திரும்புக. பின்னர் ஒரு தரிப்பிடம் வரை செல்க. அதன்பின் நகர் வரை செல்க. ஒவ்வொரு முறையும் பதற்றம் எழுந்து தானே வடிவதைக் கண்கூடாகக் காணும் மனம், ஆபத்தில்லையென்று புதிதாகக் கற்கிறது. ஓயாத கவலைக்கும் ஒரு பயிற்சி உண்டு. மாலையில் அரை மணியைக் கவலைக்கென ஒதுக்கி, பகலில் எழுங் கவலைகளைக் குறித்துவைத்து அவ்வேளைக்குத் தள்ளிப்போடுதல். அந்நேரம் வரும்போது அவற்றுட் பல உதிர்ந்து போயிருக்கும்.

இவற்றோடு நாள்தோறும் விரைந்து நடத்தல், உறங்கும் வேளையை ஒழுங்குபடுத்தல், மூச்சை மெல்ல விடுதல், தசைகளைத் தளர்த்தல் என்பனவும் துணை செய்யும். செபமும் தியானமும் திக்ரும் பலர்க்கு அமைதி தருவன. அவரவர் வழியில் அவற்றைக் கைக்கொள்க. ஆயின் இவை சிகிச்சைக்குத் துணையேயன்றி மாற்றல்ல.

இன்னுமொன்று கூறல் வேண்டும். சிலருடைய பதற்றத்துக்குக் காரணம் எண்ணத்தின் பிழையன்று, வாழ்க்கையின் நெருக்கடி. கடன்காரன் வாயிலில் நிற்க, அல்லது கணவன் குடித்துவிட்டு அடிக்க, அல்லது காணாமற்போன மகனின் கதி தெரியாதிருக்க, தாயொருத்தியைப் பார்த்து 'மூச்சை மெல்ல விடு' என்றால் மட்டும் போதுமா? அங்கே வேண்டுவது சட்ட உதவி, சமூக சேவை அலுவலர் உதவி, அதே துயருடையாரின் கூட்டுறவு. நோயின் முதலை நாடாது மருந்து கொடுத்தால் அது பலியாமை இயல்பே.

நான்காவது கால் அருகிருந்து உதவுபவர். அன்பினாலேயே வீட்டார் நோயை வளர்ப்பதுண்டு. 'நீ போகவேண்டாம், நான் போகிறேன்' என்று ஒவ்வொரு கருமத்தையும் தாமே ஏற்றல் ஒரு வகை. 'ஒன்றும் ஆகாது' என்று நாளுக்கு நூறு முறை உறுதி கூறுதல் மற்றொரு வகை. அந்த ஆறுதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் நில்லாது. 'எங்களுக்கில்லாத கவலையா?' என்று கடிதல் மூன்றாவது. மகளின் கலியாணம் தடைப்படும் என்றஞ்சி நோயை மறைத்தல் இவையனைத்தினுங் கொடியது. உளமருத்துவர் என்றாலே அங்கொடை என்று நகையாடும் வழக்கம் எத்தனை பேரைச் சிகிச்சையினின்றும் விரட்டியிருக்கும்! உதவுவோர் செய்யவேண்டியது, உடன் நடந்து செல்லுதல்; தூக்கிச் செல்லுதலன்று.

இனி, எங்கே போவது என்ற கேள்விக்கு நேரடியாக விடை கூறுவோம். நமது நாட்டிற் போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை இரவு பகல் எந்நேரத்திலும் அழைக்கலாம். 1974இல் தொடங்கப்பெற்ற சுமித்ரயோ நிறுவனத்தாரும் மனந்தளர்ந்தோர்க்குச் செவிகொடுத்து வருகின்றனர். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணையாளர் பணிபுரிகின்றனர்.

செல்லும்போது வெறுங்கையோடு செல்லாதீர்கள். ஒரு தாளிலே, இதுவரை உட்கொண்ட மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை வாரம் உட்கொண்டீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பவற்றை எழுதிக் கொண்டு செல்லுங்கள். பரியாரியார் தந்த மருந்தையும், கடையில் தாமாக வாங்கிய குளிசையையும், மதுப் பழக்கத்தையும் மறைக்காது குறியுங்கள். வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் நோய் இன்னதென்று மீண்டுமொருமுறை ஆராய்வீர்களா? நான் பெற்ற சிகிச்சைகளுள் எது அளவாலும் காலத்தாலும் முழுமை பெற்றது? எனக்கு உளச் சிகிச்சை கிடைக்க வழியுண்டா? வைத்தியசாலையின் சனநெருக்கடியில் நேரம் சொற்பமே கிடைக்கும் என்பது உண்மை. அதனாலேயே எழுதிச் செல்லுதல் பெரிதும் உதவும்.

ஒரு வேளை, 'இருந்தென்ன, இறந்தென்ன' என்ற எண்ணம் உங்களுக்கோ உங்களைச் சார்ந்தவருக்கோ தோன்றுமாயின், அடுத்த சிகிச்சை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அவ்வெண்ணம் நோயின் குரல், உங்கள் குரலன்று.

குணமடைதல் என்றால் இனி ஒருநாளும் அஞ்சாதிருத்தல் என்று பொருள் கொள்ளற்க. அது மரத்துக்கும் கல்லுக்கும் உரியது. அச்சம் வந்தபோதும் சந்தைக்குச் செல்லவும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கவும், இரவில் ஓரளவு உறங்கவும் இயலுமாயின், அதுவே குணம். பலர்க்கு அது படிப்படியாகவே வருகிறது. இடையிற் சறுக்கலும் உண்டு. பலியாது போனது ஒரு சிகிச்சையேயன்றிச் சிகிச்சை முழுவதுமன்று. நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். தளர்ந்த காலைக் கண்டதும், அதைச் செப்பஞ் செய்ய உதவுவோரை இந்த வாரமே நாடுங்கள்.